ஐந்து மணி நேரம் ஓய்வெடுத்த பாலம்

கொல்கத்தாவின் வயதான பாலங்களில் ஒன்று இடிந்து விழுந்தது; ஒன்றை ஊரே முன்வந்து இடித்தது; ஒன்று எண்பது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. மூன்றுக்கும் நடுவே இருக்கிறது ஒரு பாடம்.

2024 நவம்பர் 16, சனிக்கிழமை இரவு 11.30 மணி. ஹவுரா பாலத்தின் இரண்டு முனைகளிலும் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பஸ், லாரி, டாக்சி எதற்கும் அனுமதி இல்லை. எல்லாம் வேறு பாலங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஞாயிறு அதிகாலை 4.30 வரை இதே நிலை. விபத்து எதுவும் நடக்கவில்லை. ஊர்வலம் இல்லை. டெல்லியிலிருந்து எந்தத் தலைவரும் வரவில்லை. பாலத்துக்கு உடல் பரிசோதனை, அவ்வளவுதான்.

சாதாரண நாட்களில் இந்தப் பாலத்தைச் சுமார் ஒரு லட்சம் வண்டிகளும் ஒன்றரை லட்சம் பாதசாரிகளும் கடக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருப்பவனின் நாடியைப் பிடித்துப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? வண்டிகளின் எடையும் அதிர்வும் இல்லாமல், இரும்பு தன் சொந்தப் பாரத்தை மட்டும் சுமந்து நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் அந்த ஐந்து மணி நேரம். இப்படி ஒரு விரிவான சோதனை நடந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

சென்னை மெயிலில் வந்து ஹவுரா ஸ்டேஷனில் இறங்கும் தமிழருக்குக் கொல்கத்தா முதலில் காட்டும் முகம் இந்தப் பாலம்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அருகே போனால் இரைச்சலும் வியர்வையும். தலையில் கூடை சுமந்து ஓடுகிறவர்கள், ஆபீசுக்கு விரைகிறவர்கள், ரயிலைப் பிடிக்க மூட்டையோடு அலறுகிறவர்கள். கிழக்கு முனையில் பாலத்தின் காலடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. செவ்வந்திச் சரங்களைப் பாம்பு போலச் சுருட்டி வைத்து விற்கிறார்கள். அந்தப் பூக்களும் தலைச்சுமையாகப் பாலம் ஏறித்தான் பல கடைகளுக்குப் போகின்றன.

ஹூக்ளி நதியின் குறுக்கே முதலில் இருந்தது மிதவைப் பாலம். சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி வடிவமைத்து 1874-ல் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுப்பகுதியை விலக்கி வழிவிட வேண்டும். அதுவரை ஊர் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் 1930களின் பிற்பகுதியில் இந்த இரும்புப் பாலம் எழத் தொடங்கியது. லண்டனைச் சேர்ந்த ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் நிறுவனம் வடிவமைத்தது. மொத்தம் 26,500 டன் எஃகு. இதில் 23,000 டன்னை டாடா நிறுவனம் ஜாம்ஷெட்பூரிலிருந்து கொடுத்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 1,500 அடி அந்தரத்தில் நிற்கிறது. எஃகை இணைத்ததும் நட்டும் போல்ட்டும் அல்ல. பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவெட்டுகள்.

1943 பிப்ரவரி 3-ம் தேதி பாலம் திறக்கப்பட்டபோது ஆரவாரம் எதுவும் இல்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் குண்டு போடுமோ என்ற பயம். 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றினார்கள். 1993 வரை அதன் மேல் டிராமும் ஓடியது. ஜப்பானியக் குண்டுக்குத் தப்பிய பாலத்துக்கு வந்த ஆபத்து வேறு திசையிலிருந்து. வெற்றிலைப் பாக்கும் குட்காவும்.

பாலத்தின் சாலைத் தளம் மேலேயிருந்து 39 ஜோடித் தொங்குதூண்களில் தொங்குகிறது. நடைபாதையில் போகிறவர்களின் கைக்கெட்டும் தூரத்தில், அதாவது வாய்க்கெட்டும் தூரத்தில், அந்தத் தூண்களின் அடிப்பகுதி இருக்கிறது. அதைப் பாதுகாக்க எஃகு உறை போட்டிருந்தார்கள். வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பும் ரசாயனங்களும் எச்சிலும் சேர்ந்து அந்த உறையை அரித்தன. 6 மில்லிமீட்டர் கனமாக இருந்த உறை சில ஆண்டுகளில் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டதை 2010 வாக்கில் துறைமுகப் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். துப்பாதீர்கள் என்று எழுதி வைத்தால் அதன் மேலேயே துப்புவார்கள் என்பது இந்தியாவில் யாருக்கும் தெரியாததல்ல. எனவே தூண்களின் அடிப்பகுதியை ஃபைபர் கிளாஸ் உறையால் மூடினார்கள். இனி துப்பினாலும் கழுவிவிடலாம்.

பறவைகளும் தம் பங்குக்கு விடவில்லை. எச்சத்தில் இருக்கும் அமிலம் இரும்பைத் தின்கிறது என்று 2003-ல் தெரியவந்ததும், அதைச் சுத்தம் செய்ய மட்டும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு ஆள் வைத்தது துறைமுக நிர்வாகம். அடுத்த ஆண்டு பெயிண்ட் அடிக்க 65 லட்சம் ரூபாய் செலவு. 2005 ஜூனில் ஒரு சரக்குக் கப்பல் பாலத்தின் அடியில் சிக்கி அடிப்பக்கக் கர்டரைச் சேதப்படுத்தியது. அதையும் சரிசெய்தார்கள். எச்சத்தைக் கழுவுவது, துருவைச் சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, உறை போடுவது. இவை எதையும் அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டித் தொடங்கி வைப்பதில்லை. ஆனால் ஹவுரா பாலம் இன்றும் நிற்பது இந்தச் சில்லறை வேலைகளால்தான்.

அந்தச் சில்லறை வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள, நகரின் தெற்குப் பக்கம் போக வேண்டும்.

அலிப்பூரிலிருந்து பெஹாலாவுக்குப் போகும் டயமண்ட் ஹார்பர் சாலையில், ரயில் தண்டவாளத்தின் மேல் மாஜெர்ஹாட் பாலம் இருந்தது. 1960களில் கட்டியது. தெற்கு 24 பர்கானா மாவட்டம் நகருக்குள் வரும் முக்கிய வாசல். 2018 செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை மாலை, மழை ஓய்ந்திருந்த நேரம். பஸ்ஸும் காரும் மோட்டார் சைக்கிளும் போய்க்கொண்டிருந்தபோதே நடுப்பகுதி அப்படியே கீழே இறங்கியது. பக்கத்திலேயே மெட்ரோ ரயில் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தொழிலாளர்களில் சிலர் பாலத்தின் நிழலில்தான் தங்கியிருந்தார்கள். மூன்று உயிர்கள் போயின. பலர் காயமடைந்தனர்.

மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்ன காரணங்கள் எளிமையானவை. பாலத்தைப் பராமரிக்கும் பொதுப்பணித் துறை கவனக்குறைவாக இருந்தது. பழுது இருப்பது தெரிந்தும் வேலை தொடங்காமல் காகிதத்திலேயே நின்றது. அதோடு, ஆண்டுக்கு ஆண்டு போட்ட தார், பாலத்தின் பாரத்தை ஏற்றிவிட்டது.

தார் போடுவது பராமரிப்புதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். 100 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பத்து சென்டிமீட்டர் கனம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் எடை ஏறத்தாழ 345 டன். ஆளுக்குப் பத்து டன் எடையுள்ள 34 லாரிகள் இரவும் பகலும் நகராமல் பாலத்தின் மேலேயே நிற்பதற்குச் சமம். எந்தப் போலீஸ்காரரும் இந்த லாரிகளைத் தடுத்து நிறுத்த முடியாது. மேலே போகிறவர்களுக்குச் சாலை வழவழவென்று இருக்கும். தேர்தலுக்கு முன் போட்ட சாலை என்றால் பாராட்டும் கிடைக்கும். சுமப்பது கீழே இருக்கும் கான்கிரீட்.

மாஜெர்ஹாட்டுக்குப் பிறகு நகரம் விழித்துக்கொண்டது. கொல்கத்தாவில் 20 பாலங்களின் ஆயுள் முடிந்துவிட்டது என்று முதல்வர் மம்தா பானர்ஜி அப்போது அறிவித்தார். அவற்றைப் பார்க்கப் பொறியாளர்கள் கிளம்பினார்கள். கிளம்பிய பிறகுதான் எத்தனை எஜமானர்கள் என்பது புரிந்தது. ஹவுரா பாலம் துறைமுகத்தின் சொத்து. மாஜெர்ஹாட், டாலா பாலங்கள் பொதுப்பணித் துறையிடம். சியால்தா, தகுரியா மேம்பாலங்கள் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம். வித்யாசாகர் சேது ஹூக்ளி நதிப் பால ஆணையர்களிடம். கீழே தண்டவாளம் ஓடுகிற இடத்தில் ரயில்வேயின் அனுமதியில்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. நோயாளி ஒருவர், வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பேர்.

பழைய பாலத்தைச் சோதிப்பது புதுப் பாலத்தை வடிவமைப்பதைவிடச் சிக்கலான வேலை. புதுப் பாலத்தில் எந்த இடத்தில் எத்தனை கம்பி என்று வடிவமைப்பவர் தீர்மானிக்கிறார். பழைய பாலத்தில் ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ தீர்மானித்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். வரைபடம் கேட்டால் பல அலுவலகங்களில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், வரைந்தபடிதான் கட்டினார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே பாலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, வரைபடத்தைத் திரும்ப எழுதுவதுதான் முதல் வேலை.

பிறகு சுத்தியல். இதைவிடப் பழைய கருவியும் கிடையாது, மலிவான கருவியும் கிடையாது. கான்கிரீட்டைத் தட்டினால் கணீரென்று வந்தால் நல்லது. பொத்தென்று வந்தால் உள்ளே பிளவு. சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்குப் புரியும் சங்கதிதான். அடுத்து ஒலியலைச் சோதனை. கான்கிரீட்டுக்குள் ஒலியலை வேகமாக ஓடினால் நல்ல கான்கிரீட். வேகம் குறைந்தால் சந்தேகத்துக்குரியது.

பிளஸ் டூ வேதியியல் லேபில் பார்த்த பினாஃப்தலீனும் இங்கே வருகிறது. பாலத்திலிருந்து ஒரு துண்டு கான்கிரீட்டைக் குடைந்தெடுத்து அதன் மேல் இந்தத் திரவத்தைத் தெளிப்பார்கள். ரோஜா நிறமாக மாறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அந்த இடத்தில் நிறம் மாறாது. நிறம் மாறாத எல்லை கம்பிவரை போய்விட்டதென்றால் துரு தொடங்க வழி திறந்துவிட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பாலத்தின் அடியில் போகிறவர்கள் தலைமேல் விழும் சில்லுகள் இப்படி வந்தவைதான்.

கடைசியில் சுமைச் சோதனை. கணக்குப்படி எடை ஏற்றிய லாரிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தி, தளம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று பார்ப்பார்கள். 24 மணி நேரம் சுமை நிற்க வேண்டும். எடுத்த பிறகு இன்னொரு 24 மணி நேரம் காத்திருந்து, தாழ்ந்தது திரும்ப எழுகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கான்கிரீட் பாலம் என்றால் தாழ்ந்ததில் 75 சதவீதம், முன்தகைவுக் கான்கிரீட் என்றால் 85 சதவீதம் மீண்டு எழ வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் விதி. 2019 ஆகஸ்டில் சியால்தா மேம்பாலத்தைச் சில நாட்கள் மூடியது இத்தகைய சோதனைக்குத்தான். விடுமுறை நாட்களாகப் பார்த்து மூடியும், நகரின் மிகப் பரபரப்பான ஸ்டேஷன் வாசல் திணறியது.

சோதனைகள் சில விசித்திரமான எதிரிகளையும் காட்டிக்கொடுத்தன. தெற்குக் கொல்கத்தாவின் தகுரியா பாலத்தில் குற்றவாளி எலி. பாலத்துக்கு ஏறும் சாலையின் அடியிலுள்ள மண்ணைக் குடைந்து வளை போட்டிருந்தன. தமிழர்கள் அதிகம் வாழும் லேக் மார்க்கெட் பகுதிக்கு இது பக்கத்து ஊர் மாதிரி. கான்கிரீட்டின் வலிமையை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த எலி அகப்படாது. கண்ணால் பார்க்க யாராவது குனிந்து உள்ளே போக வேண்டும்.

நோய் தெரிந்த பிறகு மருந்து. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வேண்டாத பாரத்தை இறக்க வேண்டும்: பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, கைவிட்ட டிராம் தண்டவாளத்தையும் ஓரத்தில் போட்ட குழாய்களையும் அகற்றுவது. அடுத்து தண்ணீர் புகாமல் தடுப்பது: அடைபட்ட வடிகால் துவாரங்களைத் திறப்பது, பாலம் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்க விடப்பட்ட இணைப்புகளைப் புதுப்பிப்பது. பிறகு பாலத்தின் மூட்டுகளைப் போல் கர்டருக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் பேரிங்குகள். அவற்றை மாற்ற, முழுத் தளத்தையும் ஹைட்ராலிக் ஜாக்கிகளால் சில மில்லிமீட்டர் தூக்க வேண்டும். எல்லா ஜாக்கியும் ஒரே சீராக உயராவிட்டால் மருந்தே நோயாகிவிடும்.

இவ்வளவும் போதாதென்றால்தான் பலப்படுத்தும் வேலை. விரிசல்களில் எபாக்சி செலுத்துவது, கர்டரின் அடியில் கார்பன் இழைத் துணியை ஒட்டுவது, வெளியிலிருந்து கம்பிவடம் கட்டி இழுத்துப் பிடிப்பது. எந்தப் பாலத்துக்கு எது என்று முடிவு செய்து வரைந்து கொடுப்பதுதான் வடிவமைப்பு நிறுவனங்களின் வேலை. அந்த வரைபடத்தை ஐ.ஐ.டி. போன்ற வேறொரு நிறுவனம் சரிபார்ப்பதும் வழக்கம். மொத்தச் செலவில் இந்த ஆலோசனைக் கட்டணம் சிறு பங்குதான். அதிலும் பல டெண்டர்களில் குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை. மலிவாகக் கிடைக்கும் வைத்தியரைத் தேடிப்போகும் வீட்டுக்கு நேரக்கூடியது சில சமயம் ஊருக்கும் நேர்கிறது. மும்பை சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் அருகே 2019 மார்ச் 14-ம் தேதி மாலை இடிந்து உயிர்களைப் பறித்த நடைமேம்பாலம், அதற்கு முந்தைய தணிக்கையில் உபயோகத்துக்குத் தகுதியானது என்று சான்றிதழ் பெற்ற பாலம். தணிக்கை செய்தவர் பிறகு கைதானார்.

ஆனால் பொறியாளர் நேர்மையாகச் சொன்ன பிறகும் ஒரு கட்டம் பாக்கி இருக்கிறது. அதுதான் கஷ்டமான கட்டம். அதைப் பார்க்க நகரின் வடக்கு முனைக்குப் போக வேண்டும்.

ஷ்யாம்பஜார் ஐந்து முனைச் சந்திப்பைத் தாண்டி, பாரக்பூர் டிரங்க் ரோடில், ரயில்வே யார்டின் மேல் டாலா பாலம். இதுவும் 1960களின் வாரிசு. சிந்தி, பாராநகர், டன்லப் பக்கத்திலிருந்து நகருக்குள் வரும் லட்சக்கணக்கானவர்களின் பாதை. 2019-ல் சோதனை செய்தவர்கள் சொன்ன செய்தி கசப்பாக இருந்தது. அந்த ஆண்டு துர்கா பூஜை நெருங்கும் நேரத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் தடை போட்டார்கள். பாலப் பொறியியல் நிபுணர் வி.கே. ரெய்னாவும் வந்து பார்த்தார். ஒட்டுப்போட்டுப் பயனில்லை, இடித்துக் கட்டுங்கள் என்பதுதான் அவருடைய பரிந்துரை. 2020 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து பாலம் முழுவதும் மூடப்பட்டது.

பூஜை என்றால் கொல்கத்தாவுக்கு என்ன என்பது தெரிந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் வட கொல்கத்தாவின் வாசலை அடைப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது புரியும். பஸ்கள் பெல்காச்சியா வழியாகவும் சித்பூர் வழியாகவும் சுற்றின. அரை மணி நேரப் பயணம் நீண்டுகொண்டே போனது. நோயாளியை ஆர்.ஜி. கர் மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறவர்களுக்குச் சுற்று வழி. பாலத்தடியில் குடியிருந்த குடும்பங்கள் இடம் பெயர வேண்டியிருந்தது. பாலத்தை ஒட்டிய கடைகளுக்கு வியாபாரம் போனது. இந்தச் சுமை எல்லோருக்கும் சமமாக விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு அது பெட்ரோல் செலவு. தினக்கூலிக்கு அது ஒரு மணி நேரத் தூக்கம்.

இத்தனைக்கும் பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. கண்ணுக்கு எதிரே உறுதியாகத் தெரிகிற ஒன்றை ஏன் மூட வேண்டும் என்று கேட்பவரிடம் காட்டுவதற்கு அரசிடம் இருந்தது ஒரு அறிக்கை மட்டுமே. விழுந்த பாலத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. விழாத பாலத்துக்கு எந்தச் சாட்சியும் கிடையாது. மூடாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாமல் போனதுதான் அந்த முடிவின் வெற்றி.

டாலாவில் புதிய பாலம் 2022 செப்டம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. பூஜைக்குச் சற்று முன்பு. மாஜெர்ஹாட்டில் இடிந்த பாலத்தின் மிச்சத்தை அகற்றிவிட்டு, 636 மீட்டர் நீளத்தில் கம்பிவடங்கள் தாங்கும் புதுப் பாலம் கட்டி, 2020 டிசம்பர் 3 அன்று ஜெய் ஹிந்த் சேது என்ற பெயரில் திறந்தார்கள். இரண்டு இடத்திலும் ஊர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சுற்றி வந்தது. இரண்டு இடத்திலும் புதுப் பாலம் கிடைத்தது. வித்தியாசம் மூன்று உயிர்கள்.

டாலா பாலத்திலிருந்து பார்த்தால் தொலைவில் ஒரு பிரம்மாண்டமான இரும்புப் பெட்டி தெரியும். தூண்களின் மேல் நிற்கும் டாலா தண்ணீர்த் தொட்டி. 1911-ல் கட்டி முடித்தது. 90 லட்சம் காலன் கொள்ளும். நூறு ஆண்டுக்கு மேலாகக் கொல்கத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்து வருகிறது. அதைக் கட்டியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தொட்டியை உள்ளுக்குள் நான்கு அறைகளாகப் பிரித்தார்கள். ஒரு அறையைக் காலி செய்து துருவைச் சுரண்டிச் செப்பனிடும்போது மற்ற மூன்றும் வேலை செய்யும். ஊருக்குத் தண்ணீர் நிற்காது. ஒருநாள் இது பழுதாகும் என்று எதிர்பார்த்தே கட்டிய கட்டுமானம். அதன் அருகிலேயே ஐம்பது ஆண்டு கழித்து எழுந்த பாலத்துக்கு அந்த வசதி இல்லை. பழுது பார்க்க வேண்டுமென்றால் மூட வேண்டும். மூட முடியாது என்றால் பழுதோடு ஓட வேண்டும்.

புதிய பாலங்களும் வயதுக்கு விலக்கல்ல. ஹவுராவுக்குத் தெற்கே நிற்கும் வித்யாசாகர் சேது 1992 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே 457 மீட்டர் நடு இடைவெளி. ஆனால் பாதி வயது கூட இல்லை. அதற்குள் தாங்கும் கம்பிவடங்களையும் பேரிங்குகளையும் மாற்றும் வேலை 2023-ல் தொடங்கிவிட்டது. பாதைகளைக் குறைத்தும், சில நாட்கள் மூடியும்தான் வேலை நடத்த முடிந்தது. குஜராத்தில் 2022 அக்டோபர் 30-ல் மோர்பி தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். செப்பனிட்டுத் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதே மாநிலத்தில் 2025 ஜூலை 9-ல் இடிந்து குறைந்தது இருபது பேரைப் பலிகொண்ட கம்பீரா பாலம் 1985-ல் கட்டியது. நாற்பது வயது ஒரு பாலத்துக்குக் கிழப்பருவம் அல்ல. கவனிக்காவிட்டால் நாற்பதிலும் சாவு வரும்.

தேசிய நெடுஞ்சாலைகளின் பாலங்களைக் கணக்கெடுத்து ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2016-ல் தொடங்கியது. நகரத்துப் பாலங்களுக்கு அந்த அக்கறை பெரும்பாலும் ஒரு பாலம் விழுந்த பிறகுதான் வருகிறது. விழுந்த வாரத்தில் எல்லாப் பாலங்களுக்கும் சோதனை. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் மேம்பாலத்துக்குப் பல நூறு கோடி. பழைய பாலத்தின் வடிகாலை அடைத்திருக்கும் குப்பையை எடுக்க மட்டும் ஆளில்லை.

ஹவுராவில் அந்த நவம்பர் இரவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பாலம் விழவில்லை. விழப்போவதாக யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் மூடினார்கள், பார்த்தார்கள். அதிகாலை 4.30-க்குத் தடை முடிந்தது. மல்லிக் காட்டுக்குப் பூ வரும் நேரம். முதல் ரயில்களில் வந்தவர்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது, பாலம் வழக்கம்போல் அதே இடத்தில் நின்றது. அவர்களில் பலருக்கு இரவு அது மூடப்பட்டிருந்ததே தெரிந்திருக்காது.